ஜோதா அக்பரில் வராத கப்பல்

போன வாரம் 'ஜோதா அக்பர்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2008-ல் வந்தது. அசுதோஷ் கோவாரிகர் இயக்கம், நம்ம ரஹ்மான் இசை, மூன்றரை மணி நேரம்!

கதை தெரிந்ததுதான். முகலாயப் பேரரசர், ராஜபுத்திர இளவரசி. மதம் மாற மாட்டேன், அரண்மனையில் எனக்குக் கோயில் வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போடுகிறார் நாயகி. அப்புறம் காதல்.

நிஜத்தில் அது அரசியல் திருமணம். ஆம்பேர் ராஜா பார்மலுக்குக் குடும்பத்தில் பதவிப் போட்டி, வெளியே முகலாய அதிகாரியின் தொல்லை. பாதுகாப்பு தேடி 1562-ல் சாம்பரில் மகளை அக்பருக்கு மணமுடித்தார். 1563-ல் யாத்திரை வரியையும் 1564-ல் ஜிஸியாவையும் அக்பர் நீக்கினார். இந்த ஒரு கல்யாணம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ராஜபுத்திரர்களோடு அவர் வளர்த்த உறவுக்கும் அதில் பங்கு உண்டு.

படம் வந்தபோது சண்டை எதற்குத் தெரியுமா? பெயருக்கு! அக்பரின் மனைவி பெயர் ஜோதா இல்லை என்று ராஜபுத்திர அமைப்புகள் எதிர்த்தன. ராஜஸ்தானில் படம் வெளியாகவே இல்லை. சில மாநிலங்கள் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அக்பர்நாமாவில் அந்தப் பெயர் கிடையாது. ஜஹாங்கீர் பிறந்த பிறகு கிடைத்த மரியம்-உஸ்-ஸமானி என்ற பட்டம்தான் வரலாற்றில் நிற்கிறது.

பெயருக்கு இவ்வளவு சண்டை போட்ட நாம், அவர் செய்த வேலையைக் கேட்கவே இல்லை. அந்த அம்மா ஒரு கப்பல் முதலாளி! காமர்ஸ் படிக்கிற எனக்கு இது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

கப்பலின் பெயர் ரஹீமி. சூரத்துக்கும் செங்கடலுக்கும் இடையே ஹஜ் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றது. அப்போது கடலில் போக போர்ச்சுகீசியரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இருந்தும் 1613-ல் ரஹீமியைப் பிடித்து கோவாவுக்குக் கொண்டு போனார்கள். ஜஹாங்கீர் கொதித்துப் போனார். டாமனை முற்றுகையிட ஆணையிட்டார். ஆக்ராவில் ஜெசூட் பாதிரியார்களின் தேவாலயம் மூடப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். இந்துவாகப் பிறந்த ராணியின் கப்பல், முஸ்லிம் பயணிகள், பிடித்தவர்கள் கிறிஸ்தவர்கள். மதச் சண்டை மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருந்தது கடல் யாருக்கு என்ற வியாபாரச் சண்டை. இதில் லாபம் அடைந்தது ஆங்கிலேயக் கம்பெனி. அதே கம்பெனிதான் 1639-ல் நம்ம சென்னைக் கடற்கரையில் இடம் வாங்கியது.

ராயபுரம் கடலோரம் நின்று, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது ரஹீமி ஞாபகம் வருகிறது. ராணி என்றால் அழகும் காதலும் மட்டும்தானா? அவருடைய கணக்குப் புத்தகத்தை யாராவது படமாக எடுத்தால், முதல் டிக்கெட் எனக்கு :-)