ஒரே ஆசானிடம் பயின்ற இருவர்

இளம்பிள்ளையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பட்டப்படிப்பு முடித்த நம் சமுதாயப் பிள்ளைகள் சிலர், அயல்நாடு சென்று முதுகலை பயில்வது பற்றி இப்போது நம்மிடம் வினவத் தொடங்கியுள்ளனர். அவர்கள் குறித்துக்கொண்டு வரும் பாடப்பிரிவுகளுள் ஒன்று, வணிக மேலாண்மையையும் வளங்குன்றா வளர்ச்சியையும் இணைத்துக் கற்பிப்பதாகும். தொழில் நடத்தி ஆதாயமும் காண வேண்டும். அத்தொழிலால் மண்ணும் நீரும் அடுத்த தலைமுறைக்கு இல்லாமற் போய்விடவும் கூடாது. இவ்விரண்டையும் இசைவிப்பது எவ்வாறு என்பதே அப்படிப்பின் சாரம். “இது செல்வ நாட்டாருக்கு உரிய படிப்பன்றோ? நமக்கேன்?” என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். கேட்பது முறையே. விடையை வரலாற்றில் தேடுவோம்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்னும் பொருளியல் பேராசிரியர் இருந்தார். வரியியலில் பேரறிஞர். அவரிடம் ஏறத்தாழ ஒத்த வயதுடைய இந்தியர் இருவர் வெவ்வேறு காலங்களில் பயின்றனர். ஒருவர் 1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கர். மற்றவர் 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா.

அண்ணல் அவர்கள் பம்பாயில் பி.ஏ. தேறியது 1912ஆம் ஆண்டில். மறு ஆண்டு பிப்ரவரியில் தந்தையை இழந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் மூன்றாண்டுகளுக்கு மாதம் 11½ பவுண்டு வீதம் உதவித்தொகை வழங்கினார். படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்பணம் கிட்டியிராவிடில் பின்னாளில் நாம் கண்ட அம்பேத்கர் எவ்வாறு உருவாகியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறோம்.

அவர் அங்கே கற்றது சட்டமென்றே நம்மில் பலர் கருதுகிறோம். அன்று. கொலம்பியாவில் அவருடைய முதன்மைப் பாடம் பொருளியல். 1915இல் எம்.ஏ. பட்டத்திற்கு அவர் ஆராய்ந்த பொருள் பண்டைய இந்திய வணிகம். பின்னர் இலண்டனில் டி.எஸ்ஸி. பட்டத்திற்கு எழுதியது ரூபாயின் சிக்கல் பற்றி. அது 1923இல் நூலாயிற்று. மாகாண நிதி பற்றிய மற்றோர் ஆய்வு 1925இல் நூலாக வெளிவந்தபோது முன்னுரை வழங்கியவர் அதே செலிக்மன்.

உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல், இலண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவுக்குச் சென்றார். தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சியர் விடுதியொன்றில் வேற்றுப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்தி வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பம்பாயில் முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை கூறும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார்; நடத்துபவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் விலகிக்கொண்டனர். 1918இல் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே உடன் பணியாற்றிய ஆசிரியர் சிலர், தாம் அருந்தும் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதற்குத் தடை கூறினர். வணிகம் கற்பிக்க ஆள் வேண்டும். அவருக்குத் தண்ணீர் மட்டும் கூடாது! என்ன நியாயமோ!

அதே 1918இல்தான் சிறு நிலவுடைமை பற்றிய அரிய கட்டுரையொன்றை அண்ணல் வெளியிட்டார். நிலத்துண்டுகள் சிறுத்துப் போனமையே உழவரின் வறுமைக்குக் காரணம், அவற்றை ஒன்றுசேர்த்தால் போதும் என்று அறிஞர் பலர் அந்நாளில் கூறிவந்தனர். அண்ணல் அதை ஏற்கவில்லை. நிலத்தின் அளவன்று, அதனோடு சேரும் மூலதனமும் கருவிகளும் போதாமையே குறை என்றார். தாங்கக்கூடிய அளவினும் மிகுதியான மக்கள் நிலத்தை நம்பிக் கிடக்கின்றனர். வேலையற்ற கைகள் உண்ணுமேயன்றி விளைவிப்பதில்லை. ஆகவே தொழில் பெருக்கமே மருந்து என்பது அவர் முடிவு. அந்நாளில் அவருக்கு வயது 27.

இனிக் குமரப்பாவைக் காண்போம். அரசு அலுவலர் வீட்டுப் பிள்ளை, கிறித்தவர். இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். 1927இல் அமெரிக்கா சென்று சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்றார். பின்னர்க் கொலம்பியாவில் செலிக்மனிடம் பொது நிதி பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் அரசு வரி தண்டிச் செலவிடும் முறைக்கும் உள்ள தொடர்பே அவர் ஆய்வுப் பொருள். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தவர், கிராமத் தொழில்களுக்கே தம் வாழ்வை ஒப்படைத்தார். சிறையிலிருந்து எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் நூல் 1945இல் வெளிவந்தது. நிலக்கரி, பெட்ரோல், உலோகக் கனிகள் ஆகியன எடுக்க எடுக்கக் குறையும் தேக்கச் செல்வம். ஆற்றுநீரும் காடும் முறையாகப் பயன்படுத்தினால் வற்றாத ஓட்டச் செல்வம் என்று அவர் பிரித்துக் காட்டினார். முன்னதை நம்பும் வாழ்வு போருக்கு இட்டுச் செல்லும் என்றும் எச்சரித்தார். ஐக்கிய நாடுகள் அமைத்த குழு, வளங்குன்றா வளர்ச்சிக்கு இன்று யாவரும் எடுத்தாளும் இலக்கணத்தை வகுத்தது 1987இல். அதற்கு 42 ஆண்டுகள் முன்னரே தமிழர் ஒருவர் இதனை எழுதிவிட்டார். தேக்கச் செல்வத்திற்கு நாம் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. இரும்புக் கனி நிறைந்த கஞ்சமலை நம் கண்ணெதிரே நிற்கிறது.

ஓர் ஆசானிடம் பயின்றும் இருவரும் எதிரெதிர்த் திசையில் சென்றனர். குமரப்பாவுக்குக் கிராமமே நிலைத்த வாழ்வின் அடித்தளம். அண்ணலோ 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், கிராமம் அறியாமையும் வகுப்புவெறியும் குடிகொண்ட இடமென்று கடிந்துரைத்தார். குமரப்பாவின் உள்ளத் தூய்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தங்க இடமின்றிப் பரோடா வீதியில் நின்ற துயர் அவர் பட்டறியாதது. கிணற்றில் நீர் வற்றாதிருக்க வழியென்ன என்று அவர் கேட்டார். அக்கிணற்றில் நீர் எடுக்க உரிமை யாருக்கு என்று 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு குளத்தில் இறங்கி அண்ணல் கேட்டார். ஒரு கேள்வியை விட்டுவிட்டு மற்றொன்றைக் கற்பதால் நமக்குப் பயனில்லை.

இளம்பிள்ளைச் சேலை பல மாநிலங்களுக்குச் செல்கிறது. விசைத்தறியிலும் சாயப்பட்டறையிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். ஒரு சேலைக்குச் சாயமேற்ற எத்துணை நீர் செலவாகிறது? கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவை முதலாளி ஏற்பதா, வாங்குபவர் ஏற்பதா, கிணறு கெட்ட தெருவார் ஏற்பதா? இதைக் கணக்கிட்டுக் கூறுவதே அப்படிப்பு. கணக்கிடுபவர் இருக்கையில் நம் பிள்ளையும் அமர்ந்தால் கெட்ட கிணறு எந்தத் தெருவினது என்பதும் ஏட்டில் ஏறும்.

பணத்திற்கு இன்று மன்னரைத் தேட வேண்டியதில்லை. வைசிராய் நிருவாக சபையில் அண்ணல் உறுப்பினராயிருந்தபோது எழுப்பிய கோரிக்கையின் பயனாகவே 1944இல் நம் மாணவர்க்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை பிறந்தது. அயல்நாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகை 1954–55 முதல் நடைபெறுகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு; 30 விழுக்காடு பெண்களுக்கு. வயது 35ஐக் கடத்தல் ஆகாது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்திற்கு மேற்படலாகாது. தமிழ்நாடு அரசும் அண்ணலின் பெயராலேயே ஓர் அயல்நாட்டுக் கல்வித் திட்டம் நடத்துகிறது. நாடு முழுமைக்கும் 115 என்பது சிறு எண்ணிக்கையே. ஆதலின் பட்டப்படிப்பின் முதலாண்டிலிருந்தே மதிப்பெண்ணிலும் ஆங்கிலத்திலும் கருத்தூன்றல் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் முன்னரே பெற்று வைத்துக்கொள்க.