கிரியான் ஆறும் பாங்காக் கையெழுத்தும்

எங்கள் பண்டார் பாருவில் கிரியான் ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரை பேராக் மாநிலம். கொஞ்சம் மேற்கே போனால் பினாங்கு. 1909 வரை இந்த ஆறு ஒருவகையில் இரண்டு உலகங்களின் எல்லை. எங்கள் கரை, சயாம் மன்னருக்குக் கப்பமாகத் தங்கப்பூ அனுப்பிய கெடா சுல்தானின் மண். அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் அதிகாரம். அந்த ஆண்டு பாங்காக்கில் போட்ட ஒப்பந்தத்தில் கெடா இங்கிலாந்தின் பக்கம் வந்தது. போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் 1943 அக்டோபரில் எங்களைத் திரும்பச் சயாமிடமே கொடுத்தான். பால்மரம் வெட்டிய என் தாத்தா லயத்தை விட்டு நகராமலே மூன்று ஆட்சிகளைப் பார்த்துவிட்டார். வெளிநாட்டு விவகாரம் படித்தவர்கள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த விவகாரத்தையே தொழிலாக்கிக்கொண்ட தமிழர் எஸ். ராஜரத்னம். 1915-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயா வந்து, சிரம்பானில் வளர்ந்தார். அப்பா ரப்பர் தோட்டங்களில் மேற்பார்வை பார்த்தவர். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன மகனுக்கு, போர் மூண்டதும் வீட்டுப் பணம் நின்றது. பேனாதான் சோறு போட்டது. 1940-களின் பிற்பாதியில் திரும்பி வந்து மலாயா டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்று மாறிமாறி எழுதினார். சிங்கப்பூர் ஸ்டாண்டர்டில் அவர் பத்தியின் தலைப்பே 'என் இஷ்டப்படி எழுதுகிறேன்' என்ற பொருளில் இருந்தது. காலனி ஆட்சியை அதில் சாடினார்.

அதெல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் தோட்டங்களில் அப்போது தமிழ் நேசனும் தமிழ் முரசும்தான். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். 1950-இல் கொரியாவில் சண்டை மூண்டு ரப்பர் விலை எகிறியபோது, கொரியா எங்கே இருக்கிறது என்று கேட்காத ஆளில்லை. தமிழ் முரசின் கோ. சாரங்கபாணியைத் தெரிந்த எங்கள் பெரியவர்கள் பலருக்கு ராஜரத்னம் பெயர் தெரியாது. மொழிதான் சுவர்.

1965-இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்ததும் ராஜரத்னம் அதன் முதல் வெளியுறவு அமைச்சர். இந்தோனேசியாவுடனான மோதல் அப்போது இன்னும் முடியவில்லை. 1967 ஆகஸ்ட் 8 அன்று மலேசியாவின் துன் அப்துல் ரசாக், இந்தோனேசியாவின் ஆடம் மாலிக் முதலானவர்களோடு ஆசியான் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். ஊர் அதே பாங்காக். இந்த முறை மேசையைச் சுற்றி இருந்தவர்களில் வெள்ளைக்காரன் ஒருவனும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஒட்டவில்லை. இஷ்டப்படி எழுதிய அதே மனிதர் அமைச்சராக இருந்தபோதுதான், 1971-இல், சிங்கப்பூர் ஹெரால்ட் நாளிதழின் உரிமத்தை அரசு பறித்தது.