கிண்டியும் ஐ.ஐ.டி.யும்: செலவு, படிப்பு, சம்பளம்

சென்னை சர்தார் படேல் சாலையில் எதிரும் புதிருமாக இருப்பவை கிண்டி பொறியியல் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும். முன்னதன் வேர், மைக்கேல் டாப்பிங் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். பின்னது மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் உருவானது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இரண்டிலும் இடம் கிடைக்கும்போதுதான் வீட்டில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

ஐ.ஐ.டி.களின் பி.டெக். கல்விக் கட்டணம் 2016இல் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறன் மாணவர்களும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் உள்ளவர்களும் இதைக் கட்ட வேண்டியதில்லை. 5 லட்சம் வரை வருமானம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. கிண்டியில் கட்டணமே இதில் சிறு பகுதிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2021 முதல் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் தமிழக அரசே ஏற்கிறது. ஐ.ஐ.டி. கனவுக்கான கோச்சிங் செலவு எந்தக் கட்டண அட்டவணையிலும் வராது. கிண்டிக்கு அது தேவையில்லை; பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் போதும்.

சில படிப்புகள் ஒன்றில் இருக்கின்றன, மற்றதில் இல்லை. கப்பல் கட்டுமானம், விண்வெளிப் பொறியியல், பொறியியல் இயற்பியல் எல்லாம் ஐ.ஐ.டி.யில். நில அளவை மரபின் வாரிசான ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸும் அச்சுத் தொழில்நுட்பமும் கிண்டியில். சிவிலையும் மெக்கானிக்கலையும் 2010 முதல் அங்கே தமிழிலேயே படிக்கலாம். ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

சம்பள ஒப்பீடுதான் சிக்கல். மத்திய அரசின் நிர்ஃப் தரவரிசைக்காக ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அட்டவணை தருகிறது: சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள். இடைநிலை என்பது வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவது. ஒருவருடைய கோடி ரூபாய் வேலை அதை அசைக்காது. சராசரியை அசைக்கும், செய்தித்தாளில் தலைப்பாகவும் வரும். ஆனால் இந்த அட்டவணையில் கிண்டிக்குத் தனி வரிசை கிடையாது. அண்ணா பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் அது அடங்கிவிடுகிறது. துறைவாரிப் பிரிப்பும் இல்லை. கணினித் துறையின் சம்பளமும் சிவிலின் சம்பளமும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. மேற்படிப்புக்குப் போனவர்களின் பிற்காலச் சம்பளம் கணக்கில் வராது. கிண்டியில் படித்த வர்கீஸ் குரியன் ஆனந்தின் பால் கூட்டுறவுக்குப் போனார். அங்கேயே படித்த ராஜ் ரெட்டி மேற்படிப்புக்கு வெளிநாடு போய் 1994இல் கணினித் துறையின் டூரிங் விருது பெற்றார். இருவரையுமே இத்தகைய அட்டவணை சரியாகக் காட்டியிருக்காது.

ஆகவே கல்லூரிப் பெயரை மட்டுமல்ல, துறையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானமா, கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸா என்பதே கவுன்சலிங் நேரத்தில் பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம். இரண்டில் ஒன்று என்றே முடிவெடுக்க வேண்டும் என்பதும் இல்லை: 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. கட்டாயமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. 2022இல் வழிவிட்டதால், கிண்டி மாணவர் ஒருவர் அதையும் சேர்த்தே படிக்க முடியும்.