இரண்டு இரவுகள்

கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளியுமிடம் பெரிதல்ல. தேடுபவனின் முகம் திரும்பும் கணத்தில் எழுந்து ஓடத் தெரிந்தவனே பிழைப்பான். கணினித் திரையில் பேய்க்கு அஞ்சி ஒளியும் இன்றைய பிள்ளைகளும் இதை அறிவார்கள். திருவள்ளூர் மண்ணில் ஒரு படைத்தலைவர் இதை மறந்தார்.

1780 ஆகஸ்டில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையைச் சுற்றித் திரிந்துகொண்டிருந்தது. ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வதற்காகக் கும்பினியின் கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 25 அன்று, கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே கொசஸ்தலையாற்றை அவர் அடைந்தபோது அது கடக்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் வடகரையிலேயே தங்கினார். அன்றிரவு வெள்ளம் வந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் அக்கரையைப் பார்த்தபடி காத்திருக்க நேர்ந்தது.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினார். மன்றோ இருந்த காஞ்சிபுரம் 14 மைல் தொலைவுதான். அவர் அனுப்பிய ஃபிளெட்சர், சுமார் 1000 பேருடன் இரவிலேயே நடந்தார். வழிகாட்டிகளை ஐயுற்றுப் பாதையை மாற்றினார். எதிரியிடம் சிக்காமல் 9 அன்று காலை பெய்லியை அடைந்தார். காலமறிந்து நகர்ந்தவர் அவர்.

அன்றிரவு அனைவரும் புறப்பட்டனர். நடுவழியில், விடியட்டும் என்று பெய்லி படையை நிறுத்தினார். அந்த இருளைப் பயன்படுத்திக்கொண்டவர் ஹைதர். மறுநாள் பொள்ளிலூரில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, படை அழிந்தது. பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார்.

அவ்வூரின் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில், பல்லக்கில் அமர்ந்த பெய்லியை இன்றும் காணலாம். அவரைச் சூழ்ந்து நிற்கும் சிப்பாய்களுக்குப் பெயரில்லை. ஓடவேண்டிய கணத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை.