ப்ளகின் வந்த கதை: மேக்கில் இருந்து மேவன் வரை

இந்த முறை கொஞ்சம் கணினிப் பக்கம் போவோம். நிரல் எழுதாதவர்களும் படிக்கலாம், பயப்பட வேண்டாம் :-)

நிரல் எழுதினால் மட்டும் அது மென்பொருள் ஆகிவிடாது. கம்பைல் செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். இந்த வேலைகளை வரிசையாகச் செய்து முடிப்பதுதான் பில்ட் கருவி. அதற்குத் தெரியாத ஒரு வேலையைக் கற்றுக்கொடுப்பது ப்ளகின். இன்றைக்கு ப்ளகினின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதினால் போதும், அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த வசதி சும்மா வரவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு விலை கொடுத்திருக்கிறோம்.

கதை 1976ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. அங்கே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த ஒரு நிரலில் வெகுநேரம் பிழை தேடிக்கொண்டிருந்தாராம். பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார்; ஆனால் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார்! அந்த மறதிக்கு மருந்தாக வந்ததுதான் மேக். அதற்குத் தனியாக ப்ளகின் தேவைப்படவில்லை. யூனிக்ஸில் இருக்கும் எந்தக் கட்டளையையும் அது கூப்பிட்டுக்கொள்ளும். ஆனால் அந்தக் கட்டளைகளே இல்லாத விண்டோஸ் கணினியில் என்ன செய்வது?

ஜாவா வந்தபோது இந்தக் கேள்வி பெரிதானது. எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதானே ஜாவாவின் பெருமை? அதைக் கட்டும் கருவியும் அப்படி ஓட வேண்டாமா? டாம்கேட் மென்பொருளைக் கட்டுவதற்காக ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் 'ஆன்ட்' கருவியை எழுதினார். 2000 ஜூலையில் அது தனியாக வெளியானது. இதில் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாவா வகுப்பு. புதிய வேலை வேண்டுமானால் ஒரு வகுப்பு எழுதி, அதை ஜார் கோப்பாக்கி, ஆன்ட்டின் 'லிப்' அடைவில் போட்டு, 'டாஸ்க்டெஃப்' என்று ஒரு வரியில் அறிமுகப்படுத்தினால் போதும். ஆனால் அந்த ஜார் என் கணினியில் இருக்கும், நண்பன் கணினியில் இருக்காது. "என்கிட்ட ஓடுதே மச்சி" என்ற வசனம் இப்படித்தான் பிழைத்திருக்கிறது.

அடுத்து வந்தது மேவன். 2004 ஜூலையில் வந்த மேவன் 1.0ல் ப்ளகின்கள் 'ஜெல்லி' என்ற எக்ஸ்எம்எல் மொழியில் எழுதப்பட்டன. புதியது ஒன்றை நிறுவ அதற்கென்று ஒரு நீளமான கட்டளை அடிக்க வேண்டும். 2005 அக்டோபரில் வந்த மேவன் 2.0 இதைத் தலைகீழாக்கியது. அதன் மையத்துக்கு ஏறக்குறைய எதுவுமே தெரியாது! கம்பைல் செய்வது ஒரு ப்ளகின், சோதிப்பது ஒரு ப்ளகின், பழைய கோப்புகளைத் துடைப்பதுகூட ஒரு ப்ளகின்தான். திட்டத்தின் 'பாம்' கோப்பில் எழுதிவிட்டால், முதல் ஓட்டத்திலேயே மையக் களஞ்சியத்தில் இருந்து இறக்கி நம் கணினியில் சேமித்துக்கொள்ளும். நிறுவுதல் என்ற தனி வேலையே போய்விட்டது. மேவன் இணையத்தையே இறக்குகிறது என்று கிண்டல் செய்தார்கள். ஆனாலும் நண்பன் கணினியிலும் ஓடியது.

இனி விலைக்கு வருவோம்.

முதல் விலை, பதிப்பு எண். அதை எழுதாமல் விட்டால் மேவன் 2 புதிதாக வந்திருக்கும் பதிப்பை எடுத்துக்கொள்ளும். நேற்று ஓடிய திட்டம், ஒரு வரிகூட மாற்றாமல், இன்று ஓடாமல் போகலாம். 2008ல் வந்த 2.0.9 பதிப்பு அடிப்படை ப்ளகின்களின் எண்களைப் பூட்டியது. 2010ல் வந்த மேவன் 3, எண் இல்லையென்றால் எச்சரிக்கத் தொடங்கியது.

இரண்டாவது, நம்பிக்கை. ப்ளகின் என்பது வேறு யாரோ எழுதிய நிரல். அது உங்கள் கணினியில் உங்கள் உரிமைகளோடு ஓடுகிறது. உங்கள் கோப்புகளைப் படிக்கலாம், நீங்கள் வெளியிடும் மென்பொருளையே மாற்றலாம். அப்படிப்பட்ட ஒன்று 2014 வரை பெரும்பாலும் பூட்டில்லாத எச்டிடிபி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது! வழியில் ஜார் கோப்பை மாற்றிவிட முடியும் என்று அந்த ஆண்டு ஒருவர் செய்தே காட்டினார். அதன் பிறகுதான் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. பழைய வழியை மையக் களஞ்சியம் மூடியது 2020 ஜனவரி 15 அன்று.

மூன்றாவது, கடை மூடும் ஆபத்து. பல ஆண்ட்ராய்டு திட்டங்கள் கிரேடில் கருவி வழியாக 'ஜேசென்டர்' களஞ்சியத்தை நம்பியிருந்தன. அதை நிறுத்தப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அவசர அவசரமாக எல்லோரும் முகவரி மாற்ற வேண்டியதாயிற்று.

அதற்காக ப்ளகினே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆன்ட் காலத்து ஜார் தேடலுக்குத் திரும்ப யாருக்குத்தான் ஆசை? ஆனால் மூன்று பழக்கங்கள் நல்லது. ஒவ்வொரு ப்ளகினுக்கும் பதிப்பு எண்ணை எழுதுங்கள். தேவையில்லாததை நீக்குங்கள். கருவி சரிபார்க்கும் வசதி கொடுத்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிரேடிலில் 2020ல் வந்த 6.2 பதிப்பில் இருந்து, இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்க்க முடியும், ப்ளகின்களுக்கும் சேர்த்து.

ஃபெல்ட்மன் காலத்தில் கேள்வி, "இந்தக் கோப்பைக் கம்பைல் செய்தோமா?" என்பது. இப்போது, "இதைக் கம்பைல் செய்வது யார் எழுதிய நிரல்?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட்டின் பாம் கோப்பைத் திறந்து ஒருமுறை பாருங்கள். எத்தனை ப்ளகின்களுக்கு எண் இல்லை என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்!