மற்றும் பிறர்

எங்க அப்பத்தா திருப்புல்லாணிப் பக்கம், சேதுக்கரை போற வழியில் பனங்காட்டை ஒட்டிய சேரியில் பிறந்தவள். கைநாட்டு. அவளிடம் இருபது நாள்போல வந்து உட்கார்ந்து ஒப்பாரி, நடவுப்பாட்டு, பஞ்சகாலத்துக் கதை எல்லாவற்றையும் ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு போனார் ஓர் ஆய்வாளர். புத்தகம் வந்தது. அட்டையில் இரண்டு பேர், இரண்டு பேரும் படித்தவர்கள். நன்றியுரையில் 'தகவலாளிகளுக்கு' என்று ஒரு வரி. நான் ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோது, சின்ன வயசில் அவள் மடியில் கிடந்து கேட்ட கதைக்கு அந்த இரண்டு பேரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டியதாயிற்று.

புத்தகம் எழுதினவர் இருவர் என்றால் இருவர் பெயரும் வரவேண்டும், அட்டையில் உள்ள வரிசைப்படி. மூவரும் அதற்கு மேலும் என்றால் முதல் ஆளை மட்டும் சொல்லி 'மற்றும் பிறர்' என்று முடித்துக்கொள்ளலாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு, 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் இப்படித்தான் சொல்கிறது. கடைசியில் தரும் நூற்பட்டியலில் மட்டும் 20 பேர்வரை இடம் உண்டு. இடம் மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாடு இது, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அட்டைக்கே வராதவர்கள் அந்தப் 'பிற'ரிலும் சேர்த்தி இல்லை.

எட்கர் தர்ஸ்டனை எடுத்துக்கொள்வோம். நம்மைப் பற்றி ஆய்வு செய்கிறவர் எவரும் தாண்டிப்போக முடியாத ஆள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். நம்ம கரைக்கும் புதியவரல்ல. ராமேஸ்வரத்துக் கடல் உயிரினங்கள் பற்றி 1887இலேயே அறிக்கை போட்டவர். சாதிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாயின. தலைப்புப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே 'உதவி: கே. ரங்காச்சாரி' என்று இருக்கிறது. எத்தனை ஆய்வேட்டில் அந்த ரங்காச்சாரியைப் பார்த்திருக்கிறீர்கள்? 'தர்ஸ்டன், 1909', அவ்வளவுதான். துரைக்குக் கீழே வேலைசெய்த எம்.ஏ. படித்த ஐயங்காருக்கே இந்தக் கதி என்றால், மூக்கை அளக்கக் கொடுத்தவனுக்கும், சடங்கு முறையை ஒவ்வொன்றாய்ச் சொன்னவளுக்கும் என்ன மிஞ்சும்? வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உருப்படிகளைப் பிடித்து அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைக்கப்போகிறார் என்று பயந்தார்களாம். அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அவர்கள் கணிப்பு ரொம்பத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

பெயரைத் திருப்பிப் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெள்ளைக்காரனுக்குச் சரி. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பட்டியலைப் புரட்டினால் 'சாஸ்திரி, கே.ஏ. நீலகண்ட' என்று நிற்கும், 'பிள்ளை, கே.கே.' என்று நிற்கும். வாலில் இருந்த சாதி தலைக்கு வந்துவிடுகிறது. சாதிப் பட்டத்தை விட்டொழியுங்கள் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அதை நூலக அட்டைக்கு யாரும் சொல்லவில்லை போலும். நம்மாட்கள் பெயரைத் திருப்பினாலோ அப்பன் பெயர் ஆசிரியராகிவிடும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்து விவசாயக் கூலிப் பெண் வீரம்மா. பறையர் சமூகம், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தமிழில் பேசப் பேச, பல வருஷம் கேட்டுப் பதிவு செய்தவர் ஜோசியான் ரசீன். அது முதலில் பிரெஞ்சில் புத்தகமாகி, 1997இல் லண்டன் வெர்சோ வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. ஆசிரியர்கள் மூவர்: வீரம்மா, ஜோசியான் ரசீன், ஜான்-லுக் ரசீன். முதல் பெயர் வீரம்மா! இனி எந்தப் பேராசிரியர் சுருக்கினாலும் 'வீரம்மா மற்றும் பிறர்' என்றுதான் எழுதியாக வேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 'பிறர்' ஆகிப்போனார்கள். இதை முதன்முதலில் பார்த்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதைப் போட்டு எதை விடுவது என்கிற கத்தரி ரசீன்களின் கையில்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. இருந்தாலும் அட்டையில் பெயர் இருக்கிறது. நம்மவர்களே சிலர் 'ரசீன் எழுதிய வீரம்மா' என்று எழுதுகிறார்கள். அது தப்பு, தோழர்களே. அட்டையைப் பாருங்கள்.

வாய்மொழியை என்ன செய்வது? உளவியல் சங்கத்துக் கையேட்டில் பொதுவாக நேரில் கேட்டது 'தனிப்பட்ட தொடர்பு'. உள்ளே ஒரு அடைப்புக்குறி கிடைக்கும், கடைசிப் பட்டியலில் இடமில்லை. அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் முறையில், பேட்டி கொடுத்தவர் பெயரே பட்டியலில் முதலில் வரும், கேட்டவர் பின்னால். இரண்டும் முறைதான். எதைப் பிடிப்பது என்பதில் நமக்குக் கொஞ்சம் பிடிமானம் இருக்கிறது.

நான் இரண்டாவதைப் பிடித்தேன். 'நூல்கள்' என்ற தலைப்பை 'சான்றுகள்' என்று மாற்றி, அகர வரிசையில் அப்பத்தா பெயரைப் போட்டேன். பட்டமில்லை, முன்னெழுத்தில்லை, வெறும் பெயர். ஊர் திருப்புல்லாணி. நெறியாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'பதிப்பகம்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். பக்கத்திலேயே 'இல்லை, நேரில் சொன்னது' என்று எழுதி மறுபடி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.