கொப்பியில் இருந்த கணக்கும் வங்கி கேட்ட கடதாசியும்



2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். பாடசாலைகள் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே மூடப்பட்டிருந்தன. சில வாரங்கள் கழித்து எங்கள் தெருவில் சில்லறைக் கடை வைத்திருந்த காக்கா ஒருவர் வங்கிப் படிவமொன்றோடு வீட்டுக்கு வந்தார். ஊரில் படிவம் நிரப்புவதென்றால் ஆசிரியர்களைத் தேடி வருவது வழமைதானே.

"சேர், அரசாங்கம் நாலு வீதத்துக்குக் கடன் குடுக்கிதாம். இத நிரப்பித் தாங்க" என்றார்.

படிவம் வியாபாரப் பதிவுப் பத்திரம் கேட்டது. வருடாந்தக் கணக்கறிக்கை கேட்டது. வங்கிக் கணக்குக் கூற்று கேட்டது. காக்காவிடம் இருந்ததோ நீல மட்டை போட்ட ஒரு கொப்பி. யார் எவ்வளவு பாக்கி, எந்த மொத்தக் கடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பதினைந்து வருடக் கணக்கு ஒரு சதம் பிசகாமல் அதில் இருந்தது. "இதுவும் கணக்குத்தானே சேர்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

இந்தக் கேள்விக்கு வயது நூறு இருக்கும். பிரித்தானியர் காலத்தில் இலங்கையில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் பெருந்தோட்டங்களுக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் கடன் கொடுத்தன. உள்ளூர் வியாபாரிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வங்கியிடம் வாங்கி, தங்கள் நம்பிக்கையின் பேரில் வியாபாரிக்குக் கொடுத்தார்கள். 1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்தபோது வங்கிகள் அவர்களுக்குக் கொடுப்பதைச் சுருக்கின. சில வருடங்களில் உலகப் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. நடுவிலிருந்தவர் கை விட்டதும் சிறு வியாபாரி தனித்துப் போனார்.

அப்போதுதான் அரசு தலையிட்டது. 1934இல் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. உள்ளூர் மக்களுக்குக் கடன் கொடுக்க அரச ஆதரவுள்ள வங்கியொன்று வேண்டும் என்று அது சொன்னது. 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது அதன் பிறகுதான். 1961இல் மக்கள் வங்கி வந்தது. இன்று நாம் சம்பளம் எடுக்கும் வங்கிகள், வியாபாரிக்குக் கடன் கிடைக்காத ஒரு நெருக்கடியின் பிள்ளைகள்.

ஆனால் வங்கி ஊருக்கு வந்தாலும், அதன் கவுண்டருக்கு முன்னால் நிற்க ஒரு தகுதி தேவைப்பட்டது. அதை எங்கள் கரையோர மக்கள் முழுதாக உணர்ந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் வஃபாத்தானார்கள். மருதமுனையில் தறிகள் போயின, சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கடைகள் போயின, தோணிகளும் வலைகளும் போயின. பாதிக்கப்பட்ட சிறு தொழில்களுக்காக 2005இல் மத்திய வங்கி "சுசஹன" கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. வட்டி 6 வீதம். திருப்பிக் கட்டத் தொடங்குவதற்கு முன் சலுகைக் காலமும் இருந்தது. நல்ல திட்டம். அதை வாங்கி எழும்பியவர்கள் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் உறுதியும் அடையாள அட்டையும் கணக்குக் கொப்பியும் கடலோடு போனவர் எதைக் காட்டுவார்? அதே நேரம் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டடம் கட்டக் கூடாது என்ற விதி வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், முக்கியமான முதல் மாதங்களில் கடை இருந்த காணியில் கடை போட வழியில்லை. கடை இல்லாத கடைக்காரருக்கு எந்த முகவரியில் கடன் கொடுப்பது?

2020க்கு வருவோம். மார்ச் மாத இறுதியில் மத்திய வங்கி 50 பில்லியன் ரூபா மீள்நிதியிடல் திட்டத்தை அறிவித்தது. வியாபாரிக்கு வட்டி 4 வீதம். ஜூன் 16ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மத்திய வங்கி அதிகாரிகளை அழைத்துப் பகிரங்கமாகவே கடிந்துகொண்டார். அன்றே தொகை 150 பில்லியனாக உயர்த்தப்பட்டது. "சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சி வசதி" என்பது அதன் பெயர்.

பணம் நடந்த வழியைக் கவனியுங்கள். மத்திய வங்கி 1 வீதத்துக்கு வங்கிக்குக் கொடுக்கும். வங்கி 4 வீதத்துக்கு வியாபாரிக்குக் கொடுக்கும். வியாபாரி கட்டத் தவறினால் வங்கி தன் பணத்திலிருந்து கட்ட வேண்டும். பணம் அரசாங்கத்துடையது, பயம் வங்கியுடையது. பயப்படுகிறவர் பிணை கேட்பார், கடதாசி கேட்பார், ஏற்கனவே தெரிந்த வாடிக்கையாளரைத்தான் முதலில் கூப்பிடுவார். இதை உணர்ந்துதான் மூன்றாம் கட்டத்தில் கடனின் 50 முதல் 80 வீதம் வரை மத்திய வங்கியே உத்தரவாதம் கொடுக்க முன்வந்தது. சுற்றறிக்கையின்படி வருடப் புரள்வு 100 கோடி ரூபாவுக்குக் குறைந்த வியாபாரங்கள் எல்லாம் ஒரே வகுப்பில் இருந்தன. 90 கோடிக்கு வியாபாரம் செய்கிறவரும் எங்கள் காக்காவும் ஒரே வரிசை. வரிசையில் யார் முன்னால் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

வட்டி என்பதால் ஒதுங்கியவர்களும் எங்களில் உண்டு. அதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, நாம் வரலாற்றை மட்டும் சொல்கிறோம். வட்டியில்லா வங்கிமுறைக்கு இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்ததே 2005 திருத்தத்தோடுதான். அமானா வங்கி வர்த்தக வங்கியாகத் தொடங்கியது 2011இல். சுனாமி நேரத்தில் எங்கள் மக்களுக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை.

கடன் கிடைத்தவர்களின் கதையும் இனிப்பாக முடியவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. சலுகைக் கடனோடு சாதாரணக் கடனும் வைத்திருந்தவர்களுக்குத் தவணை தலைக்கு மேல் போனது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். அடமானம் வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் தரும் 1990ஆம் ஆண்டின் பராட்டே சட்டம் அப்போதுதான் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. 2024இல் பாராளுமன்றம் அதைத் தற்காலிகமாக இடைநிறுத்த வேண்டியதாயிற்று. அவசரக் கடன் என்பது உதவிப் பணமல்ல, அதுவும் கடன்தான் என்பதை அந்த இரண்டு வருடங்கள் கற்பித்தன.

காக்காவின் படிவம் திரும்பி வந்தது. அவர் கடையைக் காப்பாற்றியது அந்த நீலக் கொப்பிதான். அவருடைய நாணயத்தைப் பல வருடங்களாகக் கண்ட மொத்த வியாபாரி, கொப்பியைப் பார்த்துவிட்டுக் கடனுக்குச் சாமான் இறக்கினார். நம்பிக்கை வங்கிக்கு வெளியே இன்னும் உயிரோடு இருந்தது. ஆனால் 2022இல் அந்த மொத்த வியாபாரிக்கே கொழும்பில் கடன் கிடைக்கவில்லை, கைக்காசுக்குத்தான் சாமான் என்றார்கள். காக்கா கடையைப் பூட்டினார். 1925இல் செட்டியார் கை விட்டபோது நடந்தது இதுதான்.

அரசாங்கம் செய்ய வேண்டியது நிறைய உண்டு. 2024இல் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் உருவாக்கப்பட்டது நல்ல அடையாளம். எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியதும் உண்டு. பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிந்துகொள்ளுங்கள். தினமும் விற்ற காசில் ஒரு பகுதியையாவது வங்கிக் கணக்கில் போட்டு எடுங்கள். நீலக் கொப்பியை விடாதீர்கள், அதோடு மாத முடிவில் வரவு செலவை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள். காணி உறுதியையும் பதிவுப் பத்திரத்தையும் பிரதி எடுத்து வேறு வீட்டில் ஒரு தொகுதி வையுங்கள், சுனாமியை மறக்க வேண்டாம்.

நெருக்கடி வந்த பிறகு ஓடித் தேடும் கடதாசி பெரும்பாலும் கிடைப்பதில்லை. படிவம் நிரப்பவோ மாதக் கணக்கு எழுதப் பழகவோ விரும்புகிறவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். பேனாவோடு இருக்கிறோம்.